நீரூற்றுக்கு நாலு பொட்டு

உக்காருங்க தம்பி. பதினொண்ணாம் நம்பர் இப்பத்தான் போச்சு. அடுத்தது வர்றதுக்கு முக்கா மணி நேரம் ஆகும். போர்டுல இருபது நிமிசம்னு போட்டிருக்குதுங்களா? போட்டிருக்கும். போர்டுல என்ன வேணா போடலாமுங்க.

என்ன சொன்னீங்க? எதுத்தாப்புல பார்க்கு நல்லா இருக்குதுங்களா? நீங்க வெளியூருங்களா? அதான பார்த்தேன். வெளியூர்க்காரங்க இங்க நின்னு இதையேதான் சொல்றாங்க. உள்ளூர்க்காரங்களுக்கும் இதே நெனப்புத்தான், அதுதான் கொடுமை.

நல்லா இருக்குதாம். நடக்கறதுக்கு ஒரு பாதை போட்டிருக்காங்க பாருங்க, அது நேரா போகாதுங்க. ஒவ்வொரு புங்கமரத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி, குடிச்சவன் நடந்தாப்புல போகும். கேட்டா, மரத்தை வெட்டக்கூடாதாம். சரி, நடுவுல பாருங்க. நல்லாப் பாருங்க. என்ன தெரியுது? ஒண்ணுமே தெரியல இல்லீங்களா? ஒரு பார்க்குன்னா அதுக்கு நடுவுன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?

என்ற பேரு சென்னியப்பனுங்க. கவர்மெண்டுல டிராப்ட்ஸ்மேன், முப்பத்திநாலு வருசம். பாலம், பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டின்னு இந்தக் கை வரையாதது இல்லீங்க. இன்ஜினியருக வருவாங்க, கையெழுத்துப் போடுவாங்க, மாத்தலாகிப் போவாங்க. வரையறவன் நான். ரிட்டயர் ஆகிப் பத்து வருசம் ஆச்சு. இந்த சிவஞானம் லேஅவுட்டுல முதல் வீடு கட்டினதே நாந்தான்.

மூணு வருசத்துக்கு முந்தி கவுன்சிலர் துரைராசு வீட்டுக்கு வந்தாரு. 'அண்ணா, நம்ம பார்க்கைச் சீர்பண்ண கவர்மெண்டுல சேங்சன் ஆயிருச்சு, நீங்க ஒரு நல்ல ஐடியா சொல்லோணும்'னாரு. தெருவுல அத்தனை வீட்டுலயும் இதையேதான் சொல்லியிருக்காருன்னு எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது. அரசியல்வாதி பாருங்க.

ஐடியா என்னங்க ஐடியா, நான் பிளானே போட்டுட்டனுங்க. நாப்பத்தஞ்சு நாள். பழைய போர்டை எடுத்துத் தொடச்சு, டீ ஸ்கொயர் வெச்சு, இங்க்கு பேனாவுல. ஒண்ணேகால் ஏக்கரும் அளந்தேன், நானே டேப் புடிச்சு. நட்டநடுவுல பதினாறு பட்டை வெச்ச நீரூற்று. அதுலருந்து நாலு பக்கமும் நேர் பாதை. பாதைக்கு ரெண்டு பக்கமும் குரோட்டன்ஸ். வடக்கால ஒரு தியான மண்டபம். மேல இருந்து பார்த்தா அப்படியே ஒரு பூ மாதிரி இருக்கும். மேல இருந்து யாரு பார்ப்பாங்கன்னு கேக்கறீங்களா? அந்தக் கேள்வியைத்தான் தம்பி எல்லாரும் கேட்டாங்க. ரசனையில்லாத சனம்.

என்ற சம்சாரம் வசந்தாமணி மட்டும் ஒண்ணும் கேக்கல. காப்பி கொண்டாந்து வெப்பா, போவா. ஒரு நாள் நின்னு கொஞ்ச நேரம் பார்த்தா. "ஏனுங்க, இதுல அது எங்கீங்க?"ன்னா. "எது?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னுட்டு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. இதுதான் அவகிட்ட. ஒரு கேள்வியைக் கூட முழுசாக் கேக்கத் தெரியாது.

அவளைப் பத்திச் சொல்லோணுமுங்க. டாக்டர் தெனமும் நடக்கச் சொல்லியிருக்காரு, சர்க்கரை. கொஞ்ச நாள் என்ற கூட பார்க்குக்கு வந்தா. அப்புறம் பாதியில திரும்பி ஓடிப் போயிருவா. அப்புறம் வர்றதையே நிறுத்திட்டா. சோம்பேறித்தனம். நான் நேராவே சொல்லுவேன், வீட்டுக்கு வந்தவங்க முன்னாடியே சொல்லுவேன், 'நடக்கச் சொன்னா இவளுக்கு ஒடம்பு வளையாது'ன்னு. சிரிப்பா. எதுத்துப் பேச மாட்டா.

இருக்கட்டும். பிளான் ரெடி. கவுன்சிலர் கையில குடுக்கப் போனா, 'அண்ணா, ஆர்க்கிடெக்ட்னு ஒரு பொண்ணு வருது, அதுகிட்டக் குடுங்க'ங்கறாரு. வந்துச்சு பாருங்க. மெர்லின்னு பேரு. ஜீன்ஸ், தோள்ல ஒரு துணிப் பை. வயசு என்ற பென்சிலோட வயசு இருக்குமுங்களா! என்ற பிளானைப் பார்த்துச்சு. "லைன் ஒர்க் பிரமாதமா இருக்கு சார்"னுச்சு. அதோட சரி. அப்புறம் என்ன பண்ணுச்சுங்கறீங்க? ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி, அதுல சார்ட்டு மாட்டுச்சு. ஒவ்வொரு சார்ட்டுலயும் ஒரு படம். ஊஞ்சல், கேரம் ரூம்பு, பெஞ்சு, இப்படி. வர்றவங்க போறவங்க கையிலயெல்லாம் மூணு மூணு கலர் ஸ்டிக்கர், பொம்பளைங்க நெத்தியில வெக்கற பொட்டு மாதிரி. "உங்களுக்கு எது வேணுமோ அதுல ஒட்டுங்க"ன்னுச்சு. எது வேணும்னு சனத்தைக் கேட்டா பிளான் போடுவாங்க? நான் பாலம் வரைஞ்சப்ப ஆத்தைக் கேட்டா வரைஞ்சேன்?

நானே சொல்லித்தான் நீரூற்றுக்கும் ஒரு சார்ட்டு மாட்டினாங்க.

பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை, சாமியானா போட்டுக் கூட்டம். நாப்பது அம்பது பேரு. நான் மைக் புடிச்சு அரை மணி நேரம் என்ற பிளானை விளக்கினேன். ஒருத்தர் மூச்சு விடல. கவுன்சிலர் கண்ணை மூடிக் கேட்டுட்டு இருந்தாரு. முடிச்சதும், "யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"ன்னு மெர்லின் கேட்டுச்சு. சொல்ல என்ன இருக்குதுன்னு நான் மைக்கைக் கீழ வெக்கறேன், மூணாவது வரிசையில ஒருத்தி எந்திரிக்கறா. பார்த்தா வசந்தாமணி.

தம்பி, எங்க மக கல்யாணத்துல கூட நாலு பேர் முன்னாடி வாய் திறக்காதவ அவ. பக்கத்துல ஹபீபான்னு ஒரு அம்மா, ரிட்டயர்டு நர்ஸ், எங்க அடுத்த வீடு. அந்தம்மா இவ முதுகுல கை வெச்சுத் தள்ளுது. மெர்லின் ஓடிப் போயி மைக்கைக் குடுத்துச்சு.

"கக்கூஸ் வேணுமுங்க"ன்னா.

மைக்குல. ஞாயித்துக்கிழமை. அத்தனை பேர் முன்னாடி.

நான் பதறிப் போயி, "உக்காரு வசந்தா"ன்னேன். அவ என்னைப் பார்க்கவே இல்ல. மைக்கைப் பார்த்தே பேசறா. "இங்க நடக்க வரோணும்னா ரெண்டு மணியிலிருந்து நான் தண்ணி குடிக்கறதில்லீங்க. எனக்குச் சர்க்கரைங்க, அடக்க முடியாது. ஒரு நாள் வீடு போயிச் சேர முடியல. மூணாவது கிராஸ்ல, மருந்துக் கடைக்கு முன்னாலயே..." அத்தோட நிறுத்திட்டா. சேலைத் தலைப்பைக் கையில சுத்திட்டு நிக்கறா. "அதுக்கப்பறம் நான் வர்றதில்லீங்க."

அப்புறம் பாருங்க, பின்னாடி ஒரு பொம்பள எந்திரிச்சு, "எனக்கும் அப்படித்தாங்க"ங்கறா. அதுக்குப் பின்னாடி இன்னொருத்தி. என்ற பதினாறு பட்டை நீரூற்றைப் பத்தி அரை மணி நேரம் பேசினதுக்கு ஒருத்தி எந்திரிக்கல, இதுக்கு ஏழு பேரு.

அதோட விட்டாளா? "இன்னொண்ணுங்க"ங்கறா. "எனக்கு ரிங் ஆடோணும்."

ரிங் தெரியுமுங்களா? வளையப்பந்து. ரப்பர் வளையம், நடுவுல வலை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிப் புடிக்கறது. பள்ளிக்கூடத்துப் புள்ளைக ஆடறது. அறுவத்திரண்டு வயசு அவளுக்கு! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சத்தமாவே சிரிச்சேன். பார்த்தா நான் மட்டும்தான் சிரிக்கறேன். "ஸ்கூல்ல படிக்கையில ஜில்லா டீம்ல இருந்தேனுங்க. கல்யாணமானப்பறம் வளையத்தைத் தொடல"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

எனக்கே தெரியாதுங்க. நாப்பது வருசம் ஒரே வீட்டுல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "ஏன்டி இதை என்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். "நீங்க கேக்கலீங்களே"ங்கறா. எப்படிங்க கேக்கறது? காலையில எந்திரிச்சு, 'நீ ஜில்லா டீம்ல இருந்தியா'ன்னா கேப்பாங்க?

இந்த ரெண்டுக்கும் அங்கயே புதுசா சார்ட்டு மாட்டுச்சு மெர்லின், சாயங்காலம் பொட்டு எண்ணினாங்க. கக்கூஸுக்கு நாப்பத்தொண்ணு. ரிங் கோர்ட்டுக்கு இருபத்தாறு. பார்க்கு மூலையில பூட்டிக் கெடந்த படிப்பகத்தைத் திறந்து கேரம் போர்டு போடறதுக்கு முப்பது. நீரூற்றுக்கு நாலு. அதுல மூணு என்னோடது. மெர்லின் மெதுவா, "சார், நாலு விழுந்திருக்கு"ன்னுச்சு, என்னமோ ஆறுதல் சொல்றாப்புல. அந்த நாலாவதை ஒட்டின மனுசன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. இந்த லேஅவுட்டுல ரசனையுள்ள ஒரே ஆள் அவரு. என்ற வீட்டுல இருக்கறதைப் பாருங்க, கக்கூஸுக்கு ஒண்ணு ஒட்டினா, ரிங்குக்கு ஒண்ணு ஒட்டினா, மூணாவது எங்கன்னு கேட்டா 'எங்கயோ ஒட்டிட்டேனுங்க, ஞாபகமில்லை'ங்கறா. ஒரு ஸ்டிக்கரை எங்க ஒட்டினோம்னு நெனப்பிருக்காதா ஒரு மனுசிக்கு? அவ்வளவுதான் அக்கறை.

பதினோரு நாள் நான் அவகிட்டப் பேசல. சோறு போட்டு வெப்பா, திம்பேன். அந்தப் பதினோரு நாள்ல மூணு மனு எழுதினேன், மண்டல ஆபீசுக்கு. பொதுப் பூங்காவின் அழகியலுக்கும் சுகாதாரத்துக்கும் பாதகம்னு, நல்ல தமிழ்ல. மனு வேலை செஞ்சுது தம்பி! நாலு மாசம் வேலையை நிறுத்தி வெச்சுட்டாங்க. நிறுத்தினது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுது. ஹபீபா அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேல என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கும். வசந்தாமணி சாயங்காலம் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினா. வேலையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கறாளாம். அவ மனுவுல முதல் கையெழுத்து அவளோடது.

ரெண்டு பேர் மனுவையும் ஒட்டுக்கா விசாரிக்கறோம்னு ஆபீசர் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதான் போனோம், இதே ஸ்டாப்புல ஏறி. அவளுக்கு டிக்கெட் கெடையாது, பொம்பளைங்களுக்குத்தான் இப்ப எல்லாம் இலவசமாச்சே. அவ முன்னாடி, நான் பின்னாடி. அங்க வராந்தாவுல மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சுட்டாங்க. ஒரு மணிக்கு அவ பையிலருந்து ரெண்டு டப்பா எடுத்தா. எலுமிச்சஞ்சோறு. ஒண்ணை என்ற பக்கமா நகத்தி வெச்சா. நான் வாங்கித் தின்னேன். எதிர்க்கட்சியா இருந்தாலும் பசி பசிதானுங்களே.

ஹபீபா அம்மாவும் அவளுக்குத் துணையா வந்து சேர்ந்துச்சு, உள்ளார போனோம். ஆபீசர் ரெண்டு பேர் பேப்பரையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. "அம்மா, இந்தச் சென்னியப்பன்ங்கறவரு யாரு, உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

"வீட்டுக்காரருங்க"ன்னா.

அந்தாளு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாரு. "நீங்க தெனமும் பார்க்குல நடக்கறீங்களா?"ன்னாரு. "ஆமாங்க, ஒரு மணி நேரம்"னேன். "நடுவுல அவசரம்னா என்ன பண்ணுவீங்க?"ன்னாரு. இதுல மறைக்க என்ன இருக்குது, உள்ளதைச் சொன்னேன். "ஆம்பளைங்களுக்கு என்னங்க, கெழக்கால சுவரோரமா ஒதுங்கிக்கறதுதான்."

ரூம்புல இருந்த கிளார்க்குப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்குச்சு. ஹபீபா அம்மா மேல கூரையைப் பார்த்துச்சு. ஆபீசர் என்ற மனு மேல என்னமோ எழுதினாரு, அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு திரும்பி வரையில பஸ்சுல பூரா யோசிச்சேன். ஒண்ணும் பிடிபடல. படிச்சவங்க உண்மையைத் தாங்க மாட்டாங்க தம்பி, அவ்வளவுதான்.

வேலை ஆரம்பிச்சாங்க. கக்கூஸ் கட்டினாங்க, அதோ, அந்த ஓட்டுக் கட்டடம். ஜன்னலை நல்லா ஒசத்தி வெச்சிருக்குது அந்தப் பொண்ணு, அது ஒண்ணை ஒத்துக்கறேன். என்ற பிளான் இல்லாத பார்க்குக்குள்ள காலே வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். தெனமும் இங்கருந்து சும்மா பார்க்கறதோட சரி. ஒரு நாள் ரிங் கோர்ட்டுக்குக் கயிறு கட்டி, கான்கிரீட்டுக்குப் பலகைச் சட்டம் அடிச்சிருக்கான் மேஸ்திரி. பார்த்ததுமே கண்ணு உறுத்துச்சு. நீளம் பத்தாதுங்க. முப்பத்தாறடிதான் வரும். அகலம் சரி, நீளம் நாலடி கம்மி.

நாப்பதுன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? அதுக்கு முந்தின வாரம் ஒரு பி.டி. மாஸ்டரைப் பார்க்கப் போயிருந்தேன், ரெண்டு பஸ் மாறி. ரிட்டயர் ஆனவரு, வளையப்பந்துக்கு ரெஃபரியா இருந்தவரு. நீளம் நாப்பது, அகலம் பதினெட்டு, வலை ஒசரம் ஆறு, எல்லாம் எழுதி வாங்கிட்டு வந்தேன். சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னுதான். வேற என்ன.

டேப்பை எடுத்துட்டு உள்ளார போனேன். அன்னைக்கு அது பார்க்கு இல்லீங்க, சைட்டு. சைட்டுக்குள்ள போறது வேற. அளந்தேன். முப்பத்தஞ்சே முக்கால்! மேஸ்திரி பீடியை வாயில வெச்சுட்டு, "ஏனுங்க பெரியவரே, பொம்பளைங்க ஆடறதுக்கு நாலடி கொறைஞ்சா என்னங்க ஆயிரும்?"ங்கறான்.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம். "பொம்பளைன்னா என்னடா? ஜில்லா டீம்ல ஆடினவ ஆடப்போறாடா! நாப்பதுன்னா நாப்பது!"ன்னேன். கான்கிரீட் கலவை மிசின் ஓடிட்டு இருக்குது, அதுக்கு முன்னாடி போயி நின்னுட்டேன். மெர்லினுக்குப் போனைப் போட்டேன். அரை மணியில ஸ்கூட்டியில வந்து சேர்ந்துச்சு. பிளான்ல நாப்பதுதான் இருக்குது, இவன் குழாய் குறுக்கால போகுதுன்னு சுருக்கிட்டான். சட்டத்தைப் பிரிச்சு, குழாயை மாத்தி, மறுபடி அடிச்சாங்க. ரெண்டு நாள் நானே நின்னு பார்த்தேன். கான்கிரீட் போட்டதும் தண்ணி ஊத்தறானான்னு காலையும் சாயங்காலமும் பார்த்தேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்"னுச்சு அந்தப் பொண்ணு. "உனக்காகவும் இல்ல, யாருக்காகவும் இல்ல. ஒரு டிராப்ட்ஸ்மேன் இருக்கற தெருவுல தப்பான அளவுல ஒரு கோர்ட்டு இருக்கக்கூடாது"ன்னேன். அது எதுக்கோ சிரிச்சுது. வீட்டுல இதை நான் சொல்லல. யாரோ சொல்லிட்டாங்க போல. அன்னைக்கு ராத்திரி கேக்காமலே தட்டுல நெய் விட்டா. சர்க்கரையில இருக்கறவ தனக்கும் ஒரு கரண்டி விட்டுக்கிட்டா. நான் திட்டினேன்.

அதோ, அந்தப் பச்சைச் சேலை, கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருக்கறா பாருங்க. அவதான். கேன்வாஸ் ஷூ வேற. தெனமும் அஞ்சு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணியை நின்னுட்டே குடிப்பா, கிளம்பிருவா. சர்க்கரை எறங்கிருச்சாம், டாக்டர் சொல்றாரு. அவளுகளுக்கு ஒரு ரெஃபரி வேணுமாம், என்னைக் கூப்பிட்டா. "அளவெல்லாம் உங்களுக்குத்தானுங்களே தெரியும்"னா. நான் வருவேனா? அந்த நடுவில்லாத பார்க்குக்குள்ளயா? "வேற ஆளைப் பாரு"ன்னுட்டேன்.

சித்தெ இருங்க தம்பி. வளையம் கோட்டுக்கிட்ட விழுந்துச்சு... பாருங்க, சண்டை ஆரம்பிச்சுட்டாளுக. இந்தப் பெஞ்சோட இந்தக் கோடியில உக்காந்தா அந்தப் பின்கோடு நூல் புடிச்சாப்புல தெரியும். அவளுகளுக்கு எங்கீங்க தெரியும், ஒருத்தி உள்ளங்கறா, ஒருத்தி வெளியங்கறா. திரும்பிட்டாளுக பாருங்க, எல்லாரும் இங்க.

"ஏனுங்க! உள்ளயா வெளியவா?"

வெளிய! நாலு விரக்கடை வெளிய!

முறைக்கறதைப் பாருங்க. அவ வீசினதுதான் அது. என்ற சம்சாரமா இருந்தா என்னங்க, வெளியன்னா வெளியதான். பாயிண்டை ஹபீபா அம்மாவுக்குக் குடுத்துட்டா பாருங்க.

அட, உங்க பஸ்சு. ஏறுங்க, ஏறுங்க, இதை விட்டா அப்புறம் ஏழு மணிக்குத்தான். நானுங்களா? நான் எங்கீங்க போறது, இன்னும் ஒரு செட் இருக்குது. நான் எந்திரிச்சுப் போயிட்டா இவளுக ஒரு ஆட்டத்தை ஒழுங்கா முடிப்பாளுகளா?